மேஜை மேல் ஒரு மரக்கோழி

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம், அங்கே நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி தூங்கி எழுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மருமகளின் முதுகுவலி எப்படி இருக்கிறது, குனிந்து பெருக்க வேண்டாம் என்று சொல், நீ பெருக்கு, தேய்ந்துவிட மாட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் தங்கை என்னை வெளியே சாப்பிடக் கூட்டிப் போனாள். எங்கே என்று கேட்டால் இத்தாலி சாப்பாடு என்று மட்டும் சொன்னாள். வாசலில் இறங்கின பிறகுதான், அம்மா, உன் பேத்தி வயலின் வாசிக்கிற கடை இதுதான் என்கிறாள். உன் மகள் ஆபீஸ் வேலையை விட்டதும் நீ அவளோடு பேச்சை நிறுத்தினாய், அன்றிலிருந்து அவள் என் வீட்டுப் பக்கமும் வரவில்லை, நான் எந்தக் கட்சி என்று தெரியாமல் ஒதுங்கிவிட்டாள் போல. பிள்ளையைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று உள்ளே போனேன். கடை நம் கூடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு நாற்காலி மாதிரி இன்னொன்று இல்லை, எனக்குக் கிடைத்தது முடிவெட்டும் கடை நாற்காலி, உட்கார்ந்ததும் மெதுவாக இறங்கிக்கொண்டே போய் மேஜை என் தாடைக்கு வந்துவிட்டது, உன் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சாப்பிட வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன தொப்பிகளை எல்லாம் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். கடைக்கார அம்மா நல்ல ஆகிருதி, கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டு மறுபடி கிளறப் போய்விடுகிறாள். நூல் நூலாகப் பாஸ்தா வந்தது, முள்கரண்டியில் சுற்றச் சுற்ற அவிழ்ந்துகொண்டே இருந்தது, கடைசியில் கையாலேயே சாப்பிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது, உப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மேஜையிலும் கையளவு மரக்கோழி ஒன்று நிற்கிறது. தட்டு வைக்க இடமில்லை என்று நான் அதைப் படுக்கப் போட்டு, குழம்பு தெறித்துவிடக் கூடாதே என்று கை துடைக்கிற துணியாலும் மூடி வைத்தேன். உன் மகள் வாசித்தபடி மேஜை மேஜையாக வந்தாள், மெலிந்திருக்கிறாள், ஆனால் நிற்கிற நிமிர்வு அப்படியே நம் வீட்டுக் களை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தவள், மேஜையைப் பார்த்தாள், சட்டென்று திரும்பி வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அப்பன் கொழுப்பு அப்படியே இருக்கிறது என்று உன் தங்கை முணுமுணுத்தாள். எனக்கு அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடைக்கார அம்மா வந்து குனிந்து, பாட்டிம்மா, பிள்ளை மாவு மூட்டைப் பக்கம் நின்று அழுகிறாள், அப்பா மாதிரியே பாட்டிக்கும் என் வாசிப்பு வேண்டாமாம் என்கிறாள், அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாள். நான் எப்போதம்மா வேண்டாம் என்றேன் என்றேன். அவள் துணியை விலக்கிக் கோழியைக் காட்டினாள். கோழி நின்றால் எங்களுக்கு வாசி என்று அர்த்தமாம், படுத்திருந்தால் கிட்டே வராதே என்று அர்த்தமாம், அந்தக் கடை வழக்கம் அது. நீங்கள் போர்வை வேறு போர்த்தியிருக்கிறீர்கள், இதுவரை யாரும் எங்களை இப்படி விரட்டினதில்லை என்றாள்.

அந்தப் பாழாய்ப்போன நாற்காலியிலிருந்து என்னை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. கோழியை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய், மாவு பிசைகிற பலகையில் அவள் முன்னால் நிறுத்தி வைத்து, வாசிடி என்றேன். அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். என்ன வாசித்தாள் தெரியுமா, நீ சைக்கிள் துடைக்கும்போது சீட்டியடிப்பாயே, பாதியில் நின்றுபோகுமே, நீயாகக் கட்டின அந்த மெட்டு. கடையில் தினமும் கடைசியாக அதைத்தான் வாசிக்கிறாளாம். அப்பா விட்ட இடத்திலிருந்து நானே ஒரு முடிவு போட்டிருக்கிறேன் பாட்டி, சரியாக வந்திருக்கிறதா என்று அப்பாதான் சொல்ல வேண்டும் என்றாள். திரும்பி வரும்போது தட்டு கழுவுகிறவரிலிருந்து வாசலில் நின்றவர் வரை ஒருத்தரையும் விடாமல், இது என் பேத்தி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லையடா. நிலையான வேலையை விட்டுவிட்டாளே, நாளைக்கு என்ன ஆவாள் என்கிற பயம்தான் உனக்குக் கோபமாக வருகிறது, பெற்றவளுக்குத் தெரியாதா. உன் மேலும் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அதை அப்பாவுக்கு நான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த முடிவு எப்படி இருந்தது என்று எழுத, ஐந்தாவது வரை படித்த எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் எழுத மாட்டேன், அவளிடமே கேட்டுக்கொள். வியாழக்கிழமை கடைக்கு லீவு, அவள் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள், சாயங்காலம் இங்கிருந்து உனக்குப் போன் போடுவாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனம் நிறைந்து இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கடைக்கார அம்மா அந்தக் கோழியை எனக்கே கொடுத்துவிட்டாள், போன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மணி அடித்தால் எடு.

உன் அம்மா