சத்தம் போடாத வண்டி

அன்புத் தங்கை சசிரேகாவுக்கு,

நான் நலம். நம் நைனாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

துபாயில் எனக்கு ஹைபிரிட் டாக்சி கொடுத்திருக்கிறார்கள். நின்றால் இன்ஜின் தானே அடங்கிவிடும். முதல் நாள் சிக்னலில், நம் டிராக்டர் நினைப்பில், சத்தம் காணோமே, கிளப்புவோம் என்று பட்டனை அழுத்தி நானே வண்டியை அணைத்துவிட்டேன். பின்னால் ஒரே ஹாரன்.

மெதுவாகப் போனால் பேட்டரியே இழுத்துக்கொள்ளும். ஓங்கி மிதித்தால் பெட்ரோல் போகும், ஆபீசுக்கும் தெரிந்துவிடும். நேற்று விமான நிலையத்துக்குப் போக ஏறிய செங்கல்பட்டுப் பெண், "எங்கப்பாவுக்கு சீரியசா கீது, கொஞ்சம் வேகமா மெதிண்ணா" என்று அழுதாள். மிதித்தேன். ஆனாலும் விமானம் போய்விட்டது. மைலேஜ் குறைந்ததென்று எனக்குத் திட்டு.

உத்திரமேரூரிலிருந்து யாராவது வந்தால் ஊறுகாய் கொடுத்தனுப்பு. வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. நைனா இருமுவதை மட்டும் போனில் பதிந்து அனுப்பு. சத்தம் கேட்காவிட்டால் பயமாக இருக்கிறது.

தமிழ்வாணன்