நிலைக்காலில் ஒரு கோடு

7 ஜூன் 2025
சமையலறை வாசலின் திரைச்சீலையைத் துவைக்கக் கழற்றினேன். நிலைக்காலில் சுடர்விழியின் உயரத்தைக் குறித்த கோடுகள். இவற்றைப் பார்க்க முடியாமல்தான் திரையே மாட்டினேன். கடைசிக் கோடு ஒன்பதாவது பிறந்தநாளில் நான் போட்டது: நான்கடி இரண்டு இன்ச். அந்த வருடமே டெங்குவில் போய்விட்டாள்.

அதற்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது. பக்கத்தில் 1310. என்ன எண் இது?

8 ஜூன்
ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை.

11 ஜூன்
கீழ் வீட்டு சின்னப்பொண்ணு அக்காவிடம், பிள்ளைகள் யாராவது மேலே வந்து கிறுக்கினார்களா என்று கேட்டேன். "உன் ஊட்டுக்கு யாருடி வராங்க? கதவையே தொறக்க மாட்டேங்கிற" என்றாள்.

19 ஜூன்
இன்னொரு கோடு. போன வாரம் இல்லை, சத்தியமாக இல்லை. 1365. முன்னதைவிட உயரத்தில் — வளர்றாளா? யாருகிட்ட போய் சொல்வேன்?

20 ஜூன்
அவர் காலையில் காலாப்பட்டு வேலையிடத்துக்குப் போன் பேசினார். "கதவு எழுநூத்தி இருவது எம்எம். இன்ச்ல சொல்லாதடா, இங்க எல்லாம் எம்எம்தான்." தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் அடியும் இன்ச்சுமாக மர வேலை செய்தவர். இந்த அலமாரி கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் மில்லிமீட்டர்.

"நிலைக்கால்ல நீங்கதான் எழுதுனீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போன பொறந்தநாளுக்குப் போட்டேன். அவகூட படிச்ச புள்ளைங்க எல்லாம் வளந்துடுச்சுங்க. இவ மட்டும் அங்கியே நிக்கணுமா, குழலி?"

எனக்குக் கோபம் வரவில்லை. "சரி, 1365?"

"அது நீ போட்டதில்லியா?"

"எனக்கு எம்எம் எல்லாம் தெரியாதுங்களே."

அதன் பிறகு இருவரும் சாப்பிடவில்லை.

24 ஜூன்
திரையைத் திரும்ப மாட்டவில்லை.

29 ஜூன்
வீட்டை மாற்றிவிடலாமா என்றார். சாரம் பக்கம் ஒரு வீடு காலியாம். நிலைக்காலைப் பெயர்த்து எடுத்துப் போக முடியுமா என்று கேட்டேன்.

6 ஜூலை
இன்று பிறந்தநாள். பதினொன்று முடிந்திருக்கும்.

காலையில் அவரே டேப்பை எடுத்து வந்து எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர். சுலபம்தான். இந்த வயதுப் பெண்ணுக்கு 1400 இருக்கலாம் என்று பேசிக்கொண்டோம். நான் மர ஸ்கேலை நிலைக்காலில் படுக்கையாக வைத்து மேலிருந்து இறக்கினேன்.

1412-இல் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

"ஏன் புடிச்சிருக்கீங்க? வுடுங்க."

"நான் எங்க புடிச்சேன்?" அவருடைய இரண்டு கையும் டேப்பில் இருந்தது.

இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனேன். அப்புறம் விட்டுவிட்டேன். அவளுக்குத் தலை வலிக்கும்.

1412 என்று நானே எழுதினேன்.