புளிக்காரம்மா உட்கார்ந்த இடம்

காரிமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி சிவக்குமாருக்கு,

சந்தையில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம், பூண்டு விற்கும் ரஹமத் பீவி எழுதுகிறேன். உங்களுக்கும் நிர்மலாவுக்கும் பாப்பா பிரியதர்ஷினிக்கும் அல்லா மனதைரியத்தைக் கொடுக்கட்டும். உங்கள் மாமனார் வீட்டில் கேட்டு இந்தப் புனே விலாசத்தை வாங்கினேன். போன் நம்பரும் தந்தார்கள். போனில் என்றால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும்.

அக்கா, அதான் உங்கள் அம்மா, இறந்தது எனக்குத் தெரியாது, தம்பி. சந்தையில் யாருக்குமே தெரியாது. உங்கள் ஊரான இண்டூர் பக்கத்திலிருந்து இங்கே வந்து போகிறவர் அவர் ஒருவர்தான். முதல் வாரம் காணோம், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். அடுத்த வாரமும் வராமல் போகவே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகன் கூப்பிட்டதும் ஓடிவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை பார் என்று கீரை விற்கும் தங்கம்மாளிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசியதோடு விட்டேனா? இடம் சும்மாதானே கிடக்கிறது என்று என் சரக்கை அங்கேயும் பரப்பிவிட்டேன்.

நான் அதைச் செய்திருக்கவே கூடாது. என் வீட்டுக்காரர் மௌத்தானபோது நான் இத்தா இருந்தேன். புருஷன் இறந்தால் எங்களில் நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டக் கூடாது. மரநிழல் இடம், இந்நேரம் எவனாவது பிடித்திருப்பான் என்று பயந்துகொண்டே திரும்பிப் போனேன். இடம் அப்படியே இருந்தது. சந்தைக்குச் சந்தை அக்கா அங்கே ஒரு சாக்கை விரித்துப் போட்டு, வந்தவர்களை எல்லாம் "பீவி வருவாங்க, நகருங்க" என்று விரட்டியிருக்கிறார். நான் அழுதுகொண்டே கையைப் பிடித்தேன். "வேற எவளாச்சும் ஒக்காந்து வளவளன்னு பேசிக்கிட்டிருந்தா எனக்கு யாவாரம் ஆவுமா" என்று திட்டினார். நானும் வளவளதான், அது அவருக்குப் பழகிவிட்டது.

அவர் வியாபாரம் செய்ததை நீங்கள் எவ்வளவு பார்த்திருப்பீர்களோ தெரியாது. புளியமரங்களைக் குத்தகைக்குப் பிடிப்பது, உலுக்க ஆள் தேடுவது, கொட்டை எடுக்கும் பெண்களுக்குக் கூலி, கிருஷ்ணகிரிக் கடைக்காரர்களோடு சண்டை, எல்லாம் அவர் ஒருவர் தலையில். கிழவி என்று யாராவது சொல்லிவிட்டால் சொன்னவருக்குப் புளி கிடையாது. புடவைக்கு மேல் உங்கள் அப்பாவின் முழுக்கைச் சட்டை, கறுத்துப்போன விரல்கள். அந்தச் சட்டையோடுதான் எங்களுக்கு அவரைத் தெரியும். நடுவில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உங்கள் பேச்சுதான். "எம்மவன் வூடு கட்டறான்" என்பார். உங்களுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது வரை எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் மாமனார் வீட்டார் வைத்த அஞ்சலி பேனருக்குக் கீழே நின்று நான் டீ குடித்திருக்கிறேன். பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, வெள்ளை வெளேரென்ற முகம். யாரோ பெரிய வீட்டு அம்மா போல என்று நினைத்தேன். போன சந்தைக்கு முந்தின சந்தைக்கு முதல் நாள் அது காற்றில் அறுந்து விழுந்தது. டீக்கடைக்காரரிடம் நான்தான் கேட்டு வாங்கி, படம் அடியில் இருக்கும்படி அக்கா இடத்தில் விரித்து, மேலே பூண்டைக் கொட்டினேன். சாயங்காலம் மடிக்கும்போதுதான் கீழே இருந்த எழுத்தைப் படித்தேன். மகன் சிவக்குமார், மருமகள் நிர்மலா, பேத்தி பிரியதர்ஷினி.

அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன், தம்பி. இத்தனை வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவள், உங்கள் பெயரை வைத்து அவரை அடையாளம் கண்டேன். தீர்த்தம்மாள் என்று அவருக்குப் பெயர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தின் மேல் சரக்கைக் கொட்டி நாள் முழுக்க விற்றிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள். படத்தை ஆசையாகத்தான் அப்படி நகையும் நிறமும் கூட்டிப் போடச் சொல்லியிருப்பீர்கள், நான் குறை சொல்லவில்லை.

சரக்கை அன்றே நகர்த்திவிட்டேன். ஆனால் வருகிறவர்கள் அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். இறந்துவிட்டார் என்றால் யாரும் நம்பவில்லை. போன சந்தையில் பேனரைப் பிரித்துக் காட்டினேன். "இது ஆருங்க? எங்க புளிக்காரம்மாவ எங்களுக்குத் தெரியாதுங்களா" என்று சிரித்தார்கள். பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு பெரியவர், "எடம் வேணும்னா கேட்டு வாங்கு, உசுரோட இருக்கறவங்கள சாவடிக்காத" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மைதானே.

அதனால் ஒரு சந்தையன்று நீங்கள் வர வேண்டும், தம்பி. உங்கள் மாமனார் வீட்டில் உங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். அக்காவின் நெற்றி, அக்காவின் மூக்கு. நீங்கள் வந்து நின்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பேனரைக் காட்டி, இவர் என் அம்மா, போய்விட்டார் என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். அழ வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

பிள்ளை குட்டியோடு நீங்கள் நன்றாக இருக்க என் துவா எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அம்மாவின் பக்கத்துக் கடை
ரஹமத் பீவி