ஸ்டிக் பக்கம் யார் உட்காருவது?

என் இடது பக்கத்து அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். கேட்காமல் இருக்கவும் வரவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். திருப்பதியிலிருந்து ஸ்ரீ சிட்டிக்கு அதே கம்பெனி பஸ், அதே ஜன்னல் சீட். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடுகிறது. மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். அந்தத் தூக்கத்தில்தான் நீ வருகிறாய்.

வருகிறாய் என்றால் முழு ஆளாக இல்லை. என் இடது பக்கத்தில் உன் கை மட்டும் தெரியும். சிவப்புக் குமிழ் வைத்த வீடியோ கேம் ஸ்டிக்கை, சூடான டம்ளரை அடியில் ஏந்துவதுபோல இரண்டு விரலுக்கு நடுவே பிடித்திருப்பாயே, அந்தக் கை. முகம் தெரிவதில்லை. அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் பார்த்தது திரையைத்தானே, கனவு மட்டும் புதிதாக எதைக் காட்டிவிடும்?

தூக்கத்தில் என் வலது கை டிபன் பையைத் தட்டிக்கொண்டே வருகிறதாம். பக்கத்து சீட்டுக்காரி ஒருநாள், தூக்கத்திலும் வேலை பார்க்கிறாயா என்று கேட்டாள். ஆமாம், ஓவர்டைம் என்றேன். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் புரியுமா?

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அந்த வீடியோ கேம் கடை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருக்கும், எல்லார் முகத்திலும் நீலமும் பச்சையும் மாறி மாறி விழும். ஒரு ஸ்டூலில் பாதி உனக்கு, பாதி எனக்கு. ஸ்டிக் எனக்குத்தான் வேண்டும் என்று நான் அழுதேன். நீ விடவில்லை, அழுகையை நிறுத்தப் பட்டன்களை எனக்குக் கொடுத்தாய். திரையில் சண்டை போடும் ஒரே வீரனுக்குக் கால் நீ, கை நான். நீ அவனைக் குதிக்க வைப்பாய், நான் உதைக்க வைப்பேன். எப்போது உதைப்பது என்று வாய் திறந்து சொன்னதே இல்லை. முழங்கையால் ஒரு இடி, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு ஸ்டிக் வைத்து எதிரெதிராக ஆடலாம் என்று கடைக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். எனக்கு உன்னை அடிக்கப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடித்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டார்ட் பட்டன் என் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நீ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்டார்ட்ட அமுக்கு பாப்பா" என்பாய். நான் அமுக்கினால்தான் உலகம் அசையும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது. அப்படியே பழகிப்போய், இன்றுவரைக்கும் நான் ஸ்டிக்கைத் தொட்டதில்லை. என் இடது கைக்கு ஒன்றுமே தெரியாது அண்ணா.

இப்போது வீட்டுச் செய்தி. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. அதன்பிறகு ரேணிகுண்டா ரோட்டு வீட்டில் அண்ணியும் நானும் மட்டும்தான். உன் கல்யாணத்துக்குப் பிறகும் வருஷக்கணக்காக நான் ஹாஸ்டலில் இருந்தேன். உன்னோடு வந்து சேர்ந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை, நீ கிளம்பிவிட்டாய். அண்ணியும் நானும் நேராகப் பேசிப் பழகியதே கிடையாது. நீ நடுவில் உட்கார்ந்து பேசுவாய், நாங்கள் இரண்டு பக்கமும் சிரிப்போம். நடுவில் ஆள் இல்லாமல் எங்களுக்குப் பேச்சும் இல்லை. "துன்னியா வனஜா?" "தண்ணி வந்துச்சா?" "கேட் பூட்டிக்கினியா?" இதற்குமேல் போனதில்லை.

பங்காருபாளையத்திலிருந்து அண்ணியின் அண்ணன் போன் செய்தார். மாங்காய் சீசன் தொடங்குகிறது, மண்டியில் ஆள் வேண்டும், நீ இங்கேயே வந்துவிடும்மா, வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாராம். சீசன் ஒரு சாக்கு. தங்கையை வீட்டோடு அழைத்துக்கொள்ளத்தான் வருகிறார், அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தப்பான மனுஷரும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அண்ணி சரி என்றுவிட்டார்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த உரிமையில் சொல்வது? நீ இருக்கும்வரை அவர் எனக்கு அண்ணி, நீ இல்லாவிட்டால் அவர் எனக்கு யார்? எனக்குப் பயமாக இருந்தது அண்ணா. அவரும் போய்விட்டால் உன்னைத் தெரிந்தவர் என்று வீட்டில் ஒரு ஆளும் இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். அண்ணிக்குத் துணிமணி அடுக்க ஒரு பெரிய பை வேண்டும். எனக்கு ஒரு ஜாய்ஸ்டிக் பெட்டி. கல்யாணமான புதிதில் நீ டிவியில் மாட்ட வாங்கினாயே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் ஸ்டிக் ஆடுகிற பல்லாக ஆடி ஒருநாள் கையோடு வந்துவிட்டது. சித்தூர் கடையில் இருந்த மாதிரி நிஜமானது ஒன்று வாங்கணும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அண்ணி கிளம்புவதற்குள் அந்த ஸ்டிக் சத்தத்தை வீட்டில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பைத்தியக்கார ஆசைதான்.

கடைக்காரப் பையன் கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஏம் காவாலி அக்கா?" என்று தெலுங்கில் என்ன வேண்டுமெனக் கேட்டான். சொன்னேன். குழந்தைக்கா என்று கேட்டான். எங்களுக்குத்தான் என்றதும் ஒரு நொடி விழித்தான், பிறகு வியாபாரம் பார்க்க ஆரம்பித்தான்.

முதலில் எடுத்தது சின்னது. மடியில் வைத்து வேகமாக ஆட்டினால் பெட்டியே நகர்ந்துவிடும்போல இருந்தது. இரண்டாவது நல்ல அகலம், கனம், அடியில் இரும்புத் தகடும் ரப்பர் கால்களும். ஸ்டிக் ஒரு ஓரம், உள்ளங்கைக்கு அடங்காமல் பரந்து கிடக்கும் பட்டன்கள் இன்னொரு ஓரம். ஸ்டிக்கைத் தள்ளினால் நம் கடையில் கேட்ட அதே டிக். உள்ளே சதுரச் சட்டம் இருக்கிறது, அதனால் மூலைகள் கைக்குத் தெளிவாகத் தெரியும், வட்டமாகச் சுற்றிப் பழகியவர்கள் எட்டு மூலைச் சட்டம் மாற்றிக்கொள்ளலாம் என்றான். வயர் இல்லாத மாடல் மட்டும் வேண்டாம், கை அடித்தபிறகு திரை ஒரு நொடி யோசிக்கும் என்றான். விவரமான பையன்.

மூன்றாவதில் ஸ்டிக்கே இல்லை. எல்லாம் பட்டன். முன்னே பின்னே போக, குதிக்க, குனிய, எல்லாவற்றுக்கும் பட்டன். இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், பழகிவிட்டால் ஸ்டிக்கைவிட வேகம் என்றான்.

நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. பட்டன் மட்டும் தெரிந்தவளுக்குப் பட்டன் மட்டும் உள்ள பெட்டி. யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. இதையே கொடுத்துவிடு என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த அண்ணி குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"இதுல நான் எதப் புடிக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. அண்ணி அந்த அகலப் பெட்டியை இழுத்துத் தன் பக்கம் ஸ்டிக் வருகிற மாதிரி வைத்துக்கொண்டார். சிவப்புக் குமிழை இரண்டு விரலுக்கு நடுவே அடியிலிருந்து ஏந்திப் பிடித்து, கீழேயிருந்து முன்னால் கால்வட்டம் ஒன்று போட்டார். டிக், டிக், டிக். பஸ்ஸில் எனக்கு வருகிற கனவை யாரோ எடுத்துக் கடை விளக்கில் காட்டுவதுபோல இருந்தது. என் வலது கை தானாகப் போய்ப் பட்டன்மேல் உட்கார்ந்தது. எங்களுக்கு அந்த அகலம் சரியாக இருந்தது, முழங்கையும் முழங்கையும் தொட்டன.

ரொம்பப் பெரிசு அக்கா, ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம் எதுக்கு என்று அவன் சொல்லிப் பார்த்தான். பெட்டியைக் கட்டிக் கொடு என்றேன்.

ஆட்டோவில் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் பெட்டி. அண்ணி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப நாங்க ஆடுவோம். எனக்கு ஸ்டிக்கு மட்டும்தான் குடுப்பாரு. பட்டன அவரே அமுக்குவாரு. 'இது பாப்பா பக்கம், அது வர்ற வரிக்கும் நான் பாத்துக்கிறேன்'னு உன் எடத்துல உக்காந்துகினு இருப்பாரு."

அப்படியா அண்ணா? அவ்வளவு ஆசையாகப் பிடித்திருந்த ஸ்டிக்கை விட்டுக்கொடுத்துவிட்டு என் பாதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? அண்ணியின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷர்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் பை வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகலாம் என்று அண்ணியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்து வந்தால் ஆட்டம்தான். முதலில் தோற்றோம், மோசமாகத் தோற்றோம். அண்ணி உன்னைவிட அவசரக்காரர், குதித்துக்கொண்டே இருப்பார். முழங்கை இடியும் உன்னுடையதைவிடப் பலம், என் கை கன்றிப்போனது. ஆனால் நீ சிரிக்கிற இடத்தில் அவரும் சிரித்தார். பிறகு பேச்சும் தானாக வந்தது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது அவ்வளவு இருக்கிறது, அவருக்குத் தெரியாததும். மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். போகாதீர்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் வேன் வந்தது. அண்ணியின் அண்ணன் ஒரு கூடை மாம்பழத்தோடு உள்ளே வந்தபோது நாங்கள் ஆட்டத்தின் நடுவில் இருந்தோம். முடிச்சிடுறோம், உக்காருண்ணா என்றார் அண்ணி. அவர் எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வீடெல்லாம் பழ வாசனை. அடிக்க வேண்டிய இடத்தில் நான் அடிக்கவில்லை. எங்கள் வீரன் விழுந்தான். திரை கறுத்தது.

அவர் எழுந்து, "போலாமாம்மா? பை எங்க?" என்றார்.

நான் பட்டன்களிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டூலில் பாதி கிடைத்த நாளிலிருந்து ஆட்டத்தில் ஒருமுறைகூட இடது பக்கம் திரும்பாதவள், நேற்று திரும்பிப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அவர் அண்ணனையும் பார்க்கவில்லை. கண் திரையில் இருந்தது, இரண்டு விரலுக்கு நடுவே சிவப்புக் குமிழ் இருந்தது. என்னை வனஜா என்று மட்டுமே கூப்பிடுகிறவர்.

"ஸ்டார்ட்ட அமுக்கு பாப்பா" என்றார்.

அமுக்கினேன் அண்ணா. பின்னால் நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. அண்ணியின் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, மாம்பழக் கூடையையும் அண்ணியையும் விட்டுவிட்டு வேன் போனது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஸ்டிக்கை நான் கற்றுக்கொள்ள மாட்டேன், அது அண்ணியுடையது. நீ பார்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தை இனி காலியாகவும் விடமாட்டேன். கனவில் நீ வந்தால் இந்தத் தடவை திரும்பி உன் முகத்தைப் பார்ப்பேன், வந்து போ.

என்றும் உன் வலது பக்கத்தில் இருக்கும் தங்கச்சி,
வனஜா