நூறு பொன் லீஸ்

பிப்ரவரி 1, 2026. ஞாயிறு. ஜோகுபாளையம்.

மரகதத்தின் அறைக்கான கெடு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. சொன்னவர் நிருபமா. ஆட்டத்தை நடத்துபவரும் விலைப்பட்டியல் வைத்திருப்பவரும் அவர்தான், ஆகவே தகவல் உறுதி.

மரகதம் எலும்பு ஒட்டும் வைத்தியச்சி. ஊர் கல்மதகு. எங்கள் சாப்பாட்டு மேசையில் மட்டும் இருக்கிற கோட்டை ஊர். மாதம் இரண்டு ஞாயிறு பகடை உருட்டி ஆடுகிறோம். ஒரு ஞாயிறு என்பது அங்கே ஒரு மாதம். மரகதமாக ஆடியவள் என் மனைவி ஜூடித். அவள் இறந்து பதினைந்து மாதமாகிறது. அதன்பின் மரகதம் கோபுர அறையிலேயே இருந்து வைத்தியம் பார்க்கிறாள் என்று எழுதி வந்தோம்.

கல்மதகில் ஒருவர் பிழைக்க மாதம் நான்கு பொன் வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒன்று, வாடகைக்கு மூன்று. வைத்தியச்சிக்கு வருமானம் ஒரு பொன்தான். வாடகை தர முடியாதவர் பெயரை ஊர் ஏட்டிலிருந்து அடித்துவிட வேண்டும். நானும் கைதூக்கி ஒப்புக்கொண்ட விதி.

“நாம கட்டலாமே டாடி,” என்றாள் சோஃபியா. எங்கள் மூன்று பேரிடமும் சேர்த்து இரண்டு பொன் இருக்கிறது. எங்களோடு ஆடும் கண்ணா போன ஆட்டத்தில் குதிரை வாங்கிவிட்டான்.

பிப்ரவரி 2.

காகிதத்துல இருக்கிற ஒரு பேரு. அதை அடிச்சா என்ன ஆயிடும்? — தெரியவில்லை. வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 5.

ஜூடித்தின் ஆட்ட நோட்டு பீரோவில் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 18 அன்று எழுதியிருக்கிறாள்: “கோபுர அறை. 100 பொன், மூணு வருஷம் லீஸ். இனி வாடகைத் தொல்லை இல்லை.”

நிருபமாவுக்குப் போன் செய்தேன். அவர் ஏட்டிலும் அதே: 100 பொன், மூன்று வருட லீஸ். அப்படியென்றால் அந்தப் பணம் இப்போது எங்கே என்று கேட்டேன். “மூணு வருஷம்னா முப்பத்தாறு ஆட்டம், வர்ற பதினஞ்சோட முடியுது. மூணு மூணு பொன்னா நூத்தியெட்டு. மொத்தமா குடுத்ததால எட்டு தள்ளுபடி அங்கிள்.” கணக்கு இடிக்கவில்லை. எனக்கு எதிரான கணக்கு. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6.

நிருபமா ஈரோட்டுக்காரர். இங்கே வந்த மூன்று வருடமும் எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியில்தான், வீடு பிடித்ததே இல்லை. லீஸ் என்றால் என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் வீட்டு வாடகைச் செய்தி எழுதிய நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15. ஞாயிறு.

ஆட்டம் தொடங்குமுன் கேட்டேன்.

“வாடகைய முன்னாடியே மொத்தமா கட்டுறது. அதானே லீஸ்?” என்றார் நிருபமா.

தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்த கண்ணா சிரித்துவிட்டான். “எந்த ஊரும்மா நீ? லீஸ்னா வாடகையே கெடையாது. பணம் ஓனர்கிட்ட இருக்கும், நாம வீட்ல இருப்போம். காலி பண்றப்போ முழுசா திரும்பி வரும்.”

“அது போக்கியம். சரி, ஓனருக்கு என்ன லாபம்?”

“அந்தக் காச வச்சு மேல ஒரு மாடி போடுவாரு.”

நூற்றியெட்டுக் கணக்கையும் நானே சொன்னேன். அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் தவறில்லை என்றும் சொன்னேன். நிருபமா இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

“குடுத்தவங்க ஆன்ட்டி. அவங்க நெனச்ச அர்த்தம்தான் செல்லும்,” என்றார். அடுத்த நிமிடம் கோபுர அறையின் ஓனரான கோட்டைத் தலைவனின் கரகரத்த குரலுக்கு மாறினார்: “நூறு பொன்னா? அத மதில் கட்டப் போட்டாச்சு வைத்தியச்சி. அறுவடை முடியட்டும், தர்றேன்.”

“பணம் கைக்கு வர்ற வரைக்கும் அம்மா காலி பண்ண மாட்டாங்க,” என்றாள் சோஃபியா. மரகதம் என்று சொல்லவில்லை.

நிருபமா ஏட்டில் மரகதத்தின் பெயருக்கு எதிரே எழுதினார்: வாடகை இல்லை. வருமானம் ஒன்று, சாப்பாடு ஒன்று. சரியாக இருக்கிறது.

நிலுவையில் இருப்பது நூறு பொன். அறுவடைக்கு அங்கே எட்டு மாதம், இங்கே எட்டு ஆட்டம். எதிர்பார்க்கும் தேதி ஜூன் 21.

சொன்ன தேதியில் லீஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஓனரைப் பற்றி இந்த முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு செய்திகூட எழுதியதில்லை.