கிளைவுக்கு இடமில்லை

அன்புள்ள அப்பா,

மூட்டுவலி தேவலையா? தீவில் காற்று அடங்கியதா? லீட்ஸில் நான் சுகம்தான்.

நீங்கள் கொடுத்த கார் குளிர்காலம் முழுக்க சாலை வரி கட்டாமல் வீட்டு வளாகத்துக்குள் நின்றதல்லவா? "ரோட்டுக்கு வரட்டும், போலீசை விட்டுத் தூக்க வைக்கிறேன்" என்று பக்கத்து வீட்டு கிளைவ் கறுவிக்கொண்டே இருந்தார். செவ்வாயன்று ஆண்டுத் தகுதிச் சோதனைக்கு அதை ஓட்டிப் போனேன். முன்பதிவு இருந்தால் வரி கட்டாத காரிலும் சோதனைக்குப் போகலாம். அது தெரியாத மனுஷன் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கத் தன் காரில் பின்னாலேயே வந்தார்.

பாலத்தருகே ஒரு போலீஸ்காரி நிறுத்தினாள். சோதனை நடக்கும் கராஜுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, "சரிதாம்மா, கெளம்பு" என்றாள்.

கிளைவ் இறங்கி வந்து கத்தினார். "உங்க வண்டி நம்பரச் சொல்லுங்க" என்றாள் அவள். பார்த்தால், அவர் காருக்குச் சோதனை போன மாதமே காலாவதி! ஊரார் காரைக் காவல் காத்தவர் தன் காரை மறந்துவிட்டார். அபராதம் போட்டு, வண்டியை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கொட்டுகிற மழையில் என் ஜன்னலைத் தட்டினார். "என்னையும் ஏத்திக்கோம்மா."

"டெஸ்ட்டுக்குப் போற வண்டியில ஆள் ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, கிளைவ்! நீங்க சட்டம் தெரிஞ்சவராச்சே!"

கண்ணாடியில் அவர் நனைவதைப் பார்த்து மனசு குளிர்ந்தது.

கார் தேறிவிட்டது. அம்மா பின்னிய சாம்பல் நிறக் காலுறையை அனுப்புங்கள். ஞாயிறன்று கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
இஷ்பெல்

பி.கு.: அப்படி ஒரு சட்டமே கிடையாது.