ஷ்ரேயா, ருக்மிணியின் மகள்

புது தில்லி
மார்ச் 5

அன்புள்ள ரோஹிணிக்கு,

ருக்கு எழுதுகிறேன். மதம் மாறிய பிறகு உன்னை ஹன்னா என்றுதான் அழைக்க வேண்டும், தெரியும். உறையின் மேல் அப்படியே எழுதிவிடுகிறேன். உள்ளே இந்த ஒரு தடவை பழைய பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் இவரும் சௌக்கியம். அங்கே உன் வீட்டுக்காரரும் பெண்களும் பத்திரமாக இருக்க வேண்டும். செய்தியில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். நான் கையில் கரண்டியோடு வந்து நிற்கிறேன். ஷ்ரேயாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஏழு வருஷத்தில் மூன்று தடவை கலைந்த பிறகு, இந்தத் தடவைதான் டாக்டர் சிரித்த முகத்தோடு பேசுகிறார். வாய்க்குப் புளிக்காய்ச்சல் ஒன்றுதான் பிடிக்கிறது என்கிறாள். பாட்டில் பாட்டிலாகக் கிளறி மெட்ரோவில் குர்கானில் அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

சரோஜினி நகரில் நம் குவார்ட்டர்ஸை எல்லாம் இடித்து மாடி மேல் மாடியாக எழுப்பிவிட்டார்கள். போன வாரம் மார்க்கெட்டுக்குப் போனபோது நம் பிளாக் எந்த இடம் என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ உடனே பரவாயில்லை ருக்கு என்பாய். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

போன செப்டம்பரில் நீ வந்தாயே, அதைப் பற்றித்தான். பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் பிரசன்னா உன்னைச் சேர்த்து, முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு நீ என் வீட்டுக்கே வந்தாய். தலையில் துணியும் முழுக்கைச் சட்டையும் நீளப் பாவாடையுமாக வாசலில் நின்றவளை யாரென்றே தெரியவில்லை. சிரித்த பிறகுதான் தெரிந்தது. உன் யூத ஆசாரத்துக்காகப் புதுக் கடாயும் புதுக் கரண்டியும் வாங்கி வைத்திருந்தேன். அப்படியும் அடுப்பை நான்தான் பற்றவைப்பேன் என்றாய். என் மாமியார் மடி மடி என்று ஊரையே தள்ளி நிற்க வைத்த சமையலறை அது. அதில் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி நீ உருளைக்கிழங்கு வதக்கினாய். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அடுப்பை அணைத்ததும் உன் முகம் மாறியது. உங்கள் பெரிய உபவாச நாள் வருகிறது, மனிதருக்குச் செய்த தப்பை அதற்குள் அந்த மனிதரிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும், தெய்வத்திடம் கேட்டால் ஆகாது என்றாய். பன்னிரண்டாம் வகுப்பில் உன் அப்பாவுக்கு வந்த மொட்டைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாய். நீயும் நம் வகுப்பு ஆல்பர்ட்டும் புத்த ஜெயந்தி பூங்காவுக்குப் போனது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நான்தான் எழுதினேன் என்று முடிவுகட்டி, என் முகத்தில் விழிக்காமலே தஞ்சாவூருக்கு ரயிலேறினாய். அப்பா காலமான பிறகு அவர் பெட்டியில் அந்த இன்லண்ட் லெட்டர் கிடைத்ததாம். அதில் கரோல் பாக் தபால் முத்திரை. தினமும் கரோல் பாகுக்கு வேலைக்குப் போனவர் உங்கள் கீழ்வீட்டு சேஷன் மாமா. ஆகவே எழுதியது அவர்தான், உன்னை வீணாகச் சந்தேகப்பட்டேன், மன்னித்துவிடு என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய்.

மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் மன்னித்தேன் என்றேன். மாமா இப்படிச் செய்திருப்பாரா ருக்கு என்று கேட்டாய். இருக்கும், யார் கண்டது என்றேன்.

ரோஹிணி, அதை எழுதியது நான்தான்.

கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். சரோஜினி நகர் முத்திரை விழக் கூடாதென்று, கரோல் பாகில் என் அத்தை வீட்டுக்குப் போன அன்று அங்கே பெட்டியில் போட்டேன். பதினேழு வயதில் அவ்வளவு சாமர்த்தியம். நீங்கள் பூங்காவில் உட்கார்ந்து பேசியது நிஜம். ஓடிப்போகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்பது நானாகச் சேர்த்தது. ஆல்பர்ட் மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பதை நீ நிறுத்திவிட்டாய். அவ்வளவுதான். உன் அப்பா நாலு திட்டுத் திட்டுவார், நீ பழையபடி என் பக்கத்தில் வந்து உட்காருவாய் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் டி.சி. வாங்கிவிடுவார் என்று நினைக்கவில்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டியவள் நீ. ஒரு வருஷம் தஞ்சாவூரில் உன் அத்தை வீட்டில் அடைந்து கிடந்து, பிறகு நர்சிங் படித்து, யாரோ ஒரு வயதான யூத அம்மாவைக் கவனித்துக்கொள்ள அவ்வளவு தூரம் போனாய்.

இவரிடம் இப்போதுதான் சொன்னேன். “சோடோ, விடு ருக்கு, இப்ப எதுக்கு அதெல்லாம்? அங்க போனதாலதானே அவளுக்கு அந்தக் குடும்பம், அந்த சாமி எல்லாம் கெடச்சுது” என்றார். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அந்த அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் மனம் அந்தப் பக்கம் போனது என்று நீயே சொன்னாயே. ஆனால் அது நீயாகத் தேடிக்கொண்டது. அதில் பங்கு கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சேஷன் மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பஸ் வராத பரீட்சை நாளில் நம் இருவரையும் ஒரே ஸ்கூட்டரில் அடைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்ட மனுஷர். அவரையும் மன்னித்துவிட்டேன் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டே நான் உனக்குக் காகித டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாய். குற்றமில்லாதவளைச் சந்தேகப்பட்டால் மன்னிப்பு மட்டும் போதாது, அவளை ஆசீர்வதிக்கவும் வேண்டும், அது எங்கள் வழக்கம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். ஷ்ரேயாவுக்கு ஒரு குழந்தை என்றேன். வாய் கூசாமல் கேட்டேன். அன்று முதல் நீ தினமும் அவளுக்காகப் பிரார்த்தனை செய்கிறாய்.

போன வியாழக்கிழமை நீ பேசியபோது நானும் குர்கானில்தான் இருந்தேன். ஷ்ரேயா ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பிரார்த்தனையை ஒரு தடவை சொல்லிக்காட்டுங்கள் ஆன்ட்டி என்றாள். நீ சொன்னாய். புரியாத பாஷைக்கு நடுவே ‘ஷ்ரேயா பத் ருக்மிணி’ என்று வந்தது. ருக்மிணியின் மகள் என்று அர்த்தம், பிரார்த்தனையில் அம்மா பெயரைத்தான் சேர்ப்போம் என்றாய். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆறு மாதமாக, தினமும் காலையில், பல்லில் ஒன்றும் படுவதற்கு முன்னால் நீ என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உன்னால் மறுக்க முடியாது, உன் மதம் விடாது. அந்த வசதியை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சேஷன் மாமா மேல் போட்ட பழியை மட்டும் எடுத்துவிடு. என்னோடு நீ இனிமேல் பேச வேண்டாம். எனக்குச் செய்த ஆசீர்வாதத்தையும் எடுத்துக்கொண்டுவிடு. அது நான் திருடியது.

ஷ்ரேயாவுக்கு இது ஒன்றும் தெரியாது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது, ரோஹிணி. அவள் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதே. என் பெயரைச் சொல்ல நாக்கு வராது, எனக்குத் தெரியும். அம்மா பெயர் இல்லாமல் சொல்லக் கூடாது என்றால், அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டுச் சொல்.

உன் முன்னால் நிற்கத் தகுதியில்லாத
ருக்மிணி